கண்ணாடி அறை வெந்தால், ஒழுகினால், வியர்த்தால்: மதுரை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மதுரையில் வீட்டுக்கு மேல் மாடி எடுப்பவர்கள் பலர் இப்போது மொட்டை மாடியின் ஒரு மூலையில் கண்ணாடி அறையும் கேட்கிறார்கள். சுற்றிலும் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி, மேலே பாலிகார்பனேட் என்னும் ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட், உள்ளே நாலைந்து தொட்டிச் செடிகள், ஒரு பிரம்பு ஊஞ்சல். தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடிவந்து அங்கே உட்கார்ந்து காபி குடிக்கும்போது அருமையாகத்தான் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் அறைக்குள் நிற்க முடிவதில்லை. சித்திரையில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் திறந்தால் ஒழுகுகிறது. கடைசியில் பழைய சைக்கிளும் கொலு பொம்மைப் பெட்டியும்தான் அங்கே குடியிருக்கின்றன. ஆசைப்பட்டுக் கட்டிய இடம் அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அறைகளில் பெரும்பாலானவற்றை இடிக்காமலே சரிசெய்துவிடலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த அறையின் பிறப்பிடம் குளிர்நாடு. அங்கே வெயில் அரிதான சரக்கு. அதைக் கண்ணாடி போட்டுப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கேயே வெயிலுக்குப் பயந்திருக்கிறார்கள். லண்டன் கியூ தோட்டத்தில் 1848-இல் கட்டி முடித்த பனைமரக் கண்ணாடி மாளிகைக்கு, இலைகள் கருகாமல் இருக்க வேண்டும் என்று பச்சைச் சாயம் ஏற்றிய கண்ணாடியைப் போட்டார்கள். லண்டன் வெயிலுக்கே அந்த ஏற்பாடு என்றால் நம் கத்திரி வெயிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரட்டைக் கண்ணாடி, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் தடுப்பதில் கெட்டி. நமக்கு வரும் சூடு வெளிச்சத்தோடு சேர்ந்து உள்ளே நுழைவது. சாதாரண இரட்டைக் கண்ணாடி அதைப் பெரிதாகத் தடுக்காது. நம் ஊரில் முதல் வேலை, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது. கீழே சொல்லப்போகும் வைத்தியத்தில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

வெக்கை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். அதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாள், மதியம் ஒரு மணி வாக்கில் அறைக்குள் போங்கள். சாதாரணச் சுவர் வெப்பமானி ஒன்று போதும். அதை நேர் வெயில் படாத இடத்தில், முதலில் கணுக்கால் உயரத்திலும், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்திலும், கடைசியாகக் கூரைக்கு ஒரு சாண் கீழேயும் கால் மணி நேரம் தொங்கவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வெளியே நிழலில் எவ்வளவு என்றும் பாருங்கள்.

தலை உயரத்தைவிடக் கூரையடியில் எட்டுப் பத்து டிகிரி கூட இருந்தால், சூடான காற்று மேலே போய் வழியில்லாமல் தேங்கி நிற்கிறது. தலை உயரத்துச் சூடு வெளி நிழலோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது, ஆனாலும் உடம்பு எரிகிறது என்றால், குற்றவாளி காற்றில்லை. கூரையும் கண்ணாடியும் நேராக உடம்பின் மேல் வீசும் அனல். மூன்று உயரத்திலும் ஒரே மாதிரி அதிகமாக இருந்து, சூரியன் போன பின்னும் இறங்காவிட்டால், தளமும் சுவரும் சூட்டைக் குடித்து வைத்திருக்கின்றன.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். தென்னங்கீற்றுத் தட்டி நாலைந்து வாங்கி, கூரைக்கு மேல் ஒரு நாள் பரப்பிக் கட்டிப் பாருங்கள். அன்றைக்கு மதியம் அறை உட்காரும்படி இருந்தால் உங்கள் வியாதி கூரையில்தான். ஏசி வாங்கும் யோசனையை அப்போதைக்கு ஒத்திவைக்கலாம்.

காலை பதினொன்றுக்கே உள்ளே நிற்க முடியவில்லை

கூரை வழியாக வெயில் இறங்குகிறது. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் ஒருமுறையும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருமுறையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே நம் ஊரில் வெயிலை அதிகம் வாங்குவது சுவரைவிடக் கூரைதான்.

எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேகமில்லாத உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். பத்துக்குப் பத்து அடி அறையின் கூரை 9.3 சதுர மீட்டர். நிறமில்லாத பாலிகார்பனேட் அதில் 80 சதவீத அளவுக்கு உள்ளே விடும் என்று வைத்தால், ஏழு கிலோவாட்டுக்கு மேல் அறைக்குள் கொட்டுகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது 3.5 கிலோவாட். கூரை வழியாக வருவதை மட்டும் சமாளிக்க இரண்டு டன்னுக்கு மேல் தேவைப்படுகிறது. பக்கத்துக் கண்ணாடி, தரை, உள்ளே இருக்கும் மனிதர்கள் எல்லாம் கணக்கில் இன்னும் சேரவில்லை.

உள்ளே திரைச்சீலை கட்டுவதை எல்லோரும் முதலில் செய்கிறார்கள். கண் கூச்சம் குறையும், சூடு பெரிதாகக் குறையாது. கூரையைத் தாண்டி வந்த வெயிலைத் திரை வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டில் பெரும்பகுதியை அறைக்குள்தான் விடுகிறது. அதே துணி வெளியே இருந்தால் சூடு காற்றோடு போய்விடும்.

எளிய வழி, கூரைக்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரும்புச் சட்டம் அமைத்து நிழல் வலை கட்டுவது. இடைவெளி முக்கியம். ஷீட்டின் மேலேயே வலையை விரித்தால், வலையின் சூடு நேராக ஷீட்டுக்கு இறங்கும். நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை வலையில், வெயிலை மறைக்கும் அளவைப் பொறுத்து 50 சதவீதம், 75 சதவீதம் என்று ரகம் உண்டு. மனிதர்கள் உட்காரும் இடத்துக்கு 75 வாங்குங்கள். நாலு முனையில் கயிற்றால் கட்டி விட்டுவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் வீசும் சூறைக்காற்று அதைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போடும். சட்டத்தைக் கைப்பிடிச் சுவரில் போல்ட் வைத்து இறுக்கி, வலையை இரண்டடிக்கு ஓர் இடத்தில் கட்ட வேண்டும்.

நிரந்தரமான வழியைக் கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இதுதான்: தலைக்கு மேல் ஒளி புகும் கூரையே வேண்டாம். ஊஞ்சலும் நாற்காலியும் இருக்கும் பகுதிக்கு மேல் ஒளி புகாத, நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் போட்டுவிட்டு, வடக்கு ஓரத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குப் பால் வெள்ளை பாலிகார்பனேட் விடுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி அறை இருட்டாகிவிடுமே என்று கவலைப்படுகிறார்கள். மூன்று பக்கம் கண்ணாடி இருக்கும்போது மதுரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சம் வராது.

மதியம் பரவாயில்லை, மாலை நாலு மணிக்கு மேல்தான் கொடுமை

மேற்குக் கண்ணாடி. இதற்கு சன்ஷேடு போடுகிறார்கள், பலன் சொற்பம். சித்திரை மாதத்தில் மாலை நாலரை மணிக்கு சூரியன் முப்பது டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டடி நீட்டிய சன்ஷேடு அப்போது கண்ணாடியின் மேல் பகுதியில் ஓர் அடிக்குத்தான் நிழல் தரும். மீதி ஆறடியிலும் வெயில் நேராக உங்கள் முகத்தில்.

மேற்குக்கு நிமிர்ந்து நிற்கும் மறைப்புதான் வேண்டும். மூங்கில் தட்டி, மரச் சட்டத்தில் சாய்வான பட்டைகள் வைத்த லூவர், துளைகள் உள்ள சுட்ட மண் ஜாலி, கம்பியில் ஏற்றிய கொடி எதுவானாலும் கண்ணாடிக்கு ஓர் அடி வெளியே இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வெட்டிவேர்த் தட்டி. பங்குனி முதல் ஆடி வரை காற்று உலர்ந்து வீசும் மாதங்களில், மாலை மூன்றரைக்குத் தட்டியில் தண்ணீர் தெளித்துவிட்டு அதன் பின்னால் இருக்கும் ஜன்னலைத் திறந்தால், உள்ளே வரும் காற்றின் குளிர்ச்சி தோலில் தெரியும். அந்த ஈரவேர் மணத்துக்காகவே நான் அந்த நேரத்தில் அங்கே போய் உட்காருவேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இது பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது தட்டியின் தண்ணீர் ஆவியாவதில்லை; புழுக்கம்தான் கூடும். அந்த மாதங்களில் தட்டியைச் சுருட்டிக் காயவைத்து உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

தட்டி வைக்க இடமில்லாத வீடுகளில் கண்ணாடியை மாற்ற வேண்டிவரும். கடையில் நிறத்தைக் காட்டி விற்பார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள்; எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணைக் கேளுங்கள். வெயிலின் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை அது சொல்லும். சாதாரணத் தெளிந்த கண்ணாடிக்கு அது 0.8 அளவில் இருக்கும். மேற்குப் பக்கத்துக்கு 0.3 அல்லது அதற்குக் கீழே கேட்டு வாங்குங்கள்.

வைகாசி, ஆனியில் வடக்கு ஜன்னலிலும் வெயில்

பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. கட்டியவர் திசையை மாற்றிவிட்டாரோ என்று சந்தேகப்படுகிறார்கள். அவர் மேல் தவறில்லை. ஜூன் மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நண்பகலில் உச்சியிலிருந்து 13 டிகிரி சொச்சம் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குக் கண்ணாடிக்கு மேல் இரண்டடி சன்ஷேடு போட்டால் நடுப்பகல் தீர்ந்தது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருவதற்கு ஓரத்தில் ஒரு தட்டி போதும்.

தெற்குப் பக்கம் மார்கழியில்தான் வெயில் உள்ளே நீளும். அந்த மாதத்துக் காலை வெயில் வேண்டியதுதான். அதை மறைக்க வேண்டாம்.

காற்று அசையவே இல்லை

கண்ணாடி அறை கட்டுகிறவர்கள் ஜன்னலைக் கண்ணுக்கு நேராக வைக்கிறார்கள். சூடான காற்று கூரையடியில் நிற்கிறது. அது வெளியேற அங்கே வழி வேண்டும். கூரைக்குச் சற்றுக் கீழே ஓர் அடி உயரத்துக்கு நீள வாக்கில் லூவர் வைத்த திறப்பும், தரையிலிருந்து ஓர் அடிக்குள் இன்னொரு திறப்பும் இருந்தால் காற்று தானாகவே கீழே நுழைந்து மேலே போகும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் கூடக்கூட ஓட்டம் நன்றாக இருக்கும்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. ஆகவே கீழ்த் திறப்பு மேற்கிலும் மேல் திறப்பு கிழக்கிலும் இருப்பது நல்லது. ஆனால் ஐப்பசி பிறந்ததும் காற்று வடகிழக்குக்குத் திரும்பி மழையைக் கூட்டி வருகிறது. கிழக்கே கூரையடியில் திறந்து வைத்த லூவர் வழியாகச் சாரல் அப்படியே உள்ளே வந்து ஊஞ்சல் மெத்தையை நனைக்கும். அதற்குப் பயந்து கிழக்கை நிரந்தரமாக அடைத்துவிட்டு, அடுத்த சித்திரையில் வெந்துகொண்டிருக்கும் வீடுகள் பல. அடைக்க வேண்டாம். அந்தத் திறப்புக்கு மேல் ஒன்றரை அடி நீளத்துக்கு, கீழ்நோக்கிச் சாய்ந்த தகரத் தாழ்வாரம் ஒன்று வையுங்கள். லூவர் பட்டைகள் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். உள்பக்கம் கொசுவலை வேண்டும். மழைக்காலத்து ஈசல் விளக்கைத் தேடி வரும்போது அதன் அருமை தெரியும். அழகர்கோவில் பக்கம் வீடு என்றால் குரங்குக்காகக் கம்பி வலையும் சேர்த்துப் போடுங்கள்.

சீலிங் ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. கூரை சுடும் அறையில் அது மேலே தேங்கிய அனலை இழுத்து உங்கள் தலையில் கொட்டுகிறது. கூரையைச் சரிசெய்யும் வரை அதை நிறுத்திவிட்டு, கீழ்த் திறப்புக்குப் பக்கத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இரவு பத்து மணிக்கும் வெக்கை அடங்கவில்லை

தரை. மொட்டை மாடியின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விடுகிறது. அறைக்கு வெளியே நாலு பக்கமும் இருக்கும் தளமும்தான் இதற்குப் பொறுப்பு. வாசல்படியைத் தாண்டி வெளியே வெறுங்காலை வைத்தால் தெரிந்துவிடும்.

அறையைச் சுற்றிக் குறைந்தது ஆறடி அகலத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் ஓடு பதிப்பது நீடித்து நிற்கும். கையைக் கடிக்கிறது என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். மழைக்குப் பின் வருடா வருடம் திரும்ப அடிக்க வேண்டிவரும். வெள்ளை ஓடு தூசி படிந்து பழுப்பானால் பலன் குறையும் என்பதால் பங்குனியில் ஒருமுறை தேய்த்துக் கழுவிவிடுங்கள். அறைக்குள் கறுப்பு கிரானைட் பதித்திருந்தால் வெயில் விழும் இடத்திலாவது கோரைப்பாய் விரியுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் எல்லாத் திறப்புகளையும் திறந்து வைத்து, காலை எட்டரைக்குள் கீழ்த் திறப்பைச் சாத்தும் பழக்கமும் உதவும். ஏசி போடாத நாளில் மேல் திறப்பைச் சாத்தவே வேண்டாம்.

ஏசி ஓடுகிறது, உடம்பு குளிரவில்லை

மேலே சொன்ன கணக்கு இங்கே வந்து நிற்கிறது. ஏசி காற்றைத்தான் குளிர்விக்கும். சுடும் கூரை உங்கள் மேல் வீசும் அனலை அது தடுக்காது. காற்று 25 டிகிரி காட்டும். தலை உச்சி எரியும். முதலில் கூரைக்கு நிழல், பிறகு சந்துகளை அடைப்பது, அதற்குப் பிறகுதான் ஏசி. நகரும் அலுமினிய ஜன்னலின் ஓரத்தில் இருக்கும் பஞ்சுப் பட்டை இரண்டு மூன்று கோடையில் தேய்ந்துவிடும். இரவில் விளக்கை அணைத்து, வெளியிலிருந்து ஒருவர் டார்ச் அடித்தால் சந்து எங்கே என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். ஏசி போடும் நாளில் மேல் லூவரைச் சாத்த வேண்டும் என்பதால் அதை ஆரம்பத்திலேயே மூடித் திறக்கும் ரகமாக வாங்குங்கள்.

கண்ணாடி அறைக்கும் வீட்டுக்கும் இடையே கதவு இல்லாமல் திறந்து விட்டிருந்தால், அந்த ஒரு ஏசியும் வீட்டு ஏசியும் சேர்ந்து மாடிக்கு உழைக்கும். நடுவில் கதவு வைத்தே ஆக வேண்டும்.

முற்றத்தை மூடிய பிறகு வீடு முழுக்க வெக்கை

இதுவும் கண்ணாடி அறையின் உறவுதான். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளிலும், காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலும், தூசிக்கும் மழைக்கும் திருட்டுக்கும் பயந்து முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் போட்டு நாலு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். அந்த முற்றம்தான் வீட்டின் சூடெல்லாம் மேலே போகும் வழியாக இருந்தது. வழியை அடைத்ததோடு, அதே இடத்தில் வெயிலையும் உள்ளே விடுகிறோம்.

ஷீட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அதை ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் வலை மட்டும் வைத்துத் திறந்து விடுங்கள். ஷீட் எல்லாப் பக்கமும் விளிம்பைத் தாண்டி இரண்டடி வெளியே நீண்டிருந்தால் சாரல் பெரும்பாலும் உள்ளே வராது. மழைத் தண்ணீர் கொஞ்சம் வந்தாலும் முற்றத்தின் தூம்பு அதற்காகத்தான் இருக்கிறது. அதைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தால் முதலில் திறந்துவிடுங்கள்.

மழையில் ஒழுகுகிறது

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே சிலிக்கான் பூசுவதுதான் வழக்கம். அடுத்த மழையில் வேறு இடத்தில் ஒழுகும். திருநகரில் ஒரு வீட்டில் ஊஞ்சலுக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைச் சுற்றிச் சிலிக்கான் ஒரு விரல் கனத்துக்குப் பூசியிருந்தார்கள். ஏணி வைத்து ஏறி, தாங்கிச் செல்லும் சதுரக் குழாயின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனபோது, ஈரம் அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி, சுவர் ஓரத்தில் போய் முடிந்தது. அங்கே ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டைவிரல் நகம் நுழையும் சந்து. சுவரில் வழிந்த தண்ணீர் சந்தில் இறங்கி, குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டே ஓடி, சட்டம் சற்றுத் தாழ்ந்திருந்த இடத்தில் சொட்டியிருக்கிறது.

ஆகவே மழைக்காகக் காத்திருக்காமல் குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் கொடுத்து, மெதுவாக மேலே ஏறுங்கள். உள்ளே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கி, எது வழி என்றே தெரியாமல் செய்துவிடும்.

சுவர் ஓரம் ஒழுகினால் சிலிக்கான் மட்டும் நிற்காது. சுவரில் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகி, மறு விளிம்பு ஷீட்டின் மேல் அரை அடியாவது படியும்படி மடக்கி, காடியைப் பூசிவிட வேண்டும்.

திருகாணி ஓரம் ஒழுகினால் காரணம் அநேகமாகத் துளையின் அளவு. பாலிகார்பனேட் சூட்டில் நன்றாக நீளும். பத்தடி ஷீட் ஒன்று, இரவுக்கும் பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் கண்டால் எட்டு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஆணி 6 மி.மீ., துளையும் 6 மி.மீ. என்றால் ஷீட் அசைய இடமில்லாமல் ஆணியைத் தள்ளித் தள்ளித் துளையைக் கிழித்துவிடும். 10 மி.மீ. துளை போட்டு, அகல ரப்பர் வாஷர் வைத்து, வாஷர் நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கினால்தான் ஒழுகாது என்று ஆள் வாதிடுவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரிவு ஓர் அடிக்கு ஓர் அங்குலமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கி, தூசி படிந்து, அங்கேயே பாசி பிடிக்கும். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் பங்குனி இலையுதிர்வில் தண்ணீர்த் தொட்டி போன்ற வாய்க்கால் தகடு நிரம்பிவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை அள்ளிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் ரகம் என்று கேளுங்கள். வினிகர் நெடி அடிக்கும் ரகம் பாலிகார்பனேட்டுக்கு ஏற்றதல்ல.

ஷீட் மஞ்சளாகிவிட்டது, உள்ளே பச்சையாக ஏதோ படர்கிறது

பாலிகார்பனேட்டில் ஒரு பக்கத்துக்குத்தான் புற ஊதாக் கதிர்ப் பூச்சு இருக்கும் ரகங்கள் அதிகம். எந்தப் பக்கம் மேலே என்று பாதுகாப்புத் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆள் அவசரத்தில் தாளைக் கிழித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் சில வருடங்களிலேயே மஞ்சளாகி நொறுங்கும். அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். புதிதாகப் போடும் அன்று நீங்கள் மாடியில் நின்று பார்ப்பது நல்லது.

பச்சையாகப் படர்வது பாசி. இரட்டைச் சுவர் ஷீட்டின் குழல்கள் சரிவின் போக்கிலேயே ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுவதும் அடைத்து, கீழ் முனையில் ஈரம் வெளியேறும் துளை டேப் ஒட்டினால் உள்ளே தண்ணீர் நிற்காது.

மழையில்லாத விடியற்காலையில் கூரை சொட்டுகிறது

மார்கழி, தையில் தகரக் கூரை போட்ட அறைகளில் இது நடக்கும். இரவில் தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் தகரம், காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அறைக்குள் ஐம்பது தொட்டிகளுக்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றியிருந்தால், அந்த ஈரம் முழுவதும் தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோர்த்து விடியலில் சொட்டும். ஓட்டை தேடி அலைய வேண்டாம். செடிக்குக் காலையில் தண்ணீர் விடுங்கள், இரவில் மேல் திறப்பைத் திறந்து வையுங்கள். ஏசி ஓடும் அறையில் மழைக்காலத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதே கதைதான். ஏசியை 26-இல் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காலையும் மாலையும் கூரையில் ‘டொக், டொக்’ என்று சத்தம்

ஷீட் நீள்வதும் சுருங்குவதும். திருகாணி இறுக்கத்தைத் தளர்த்தி, சட்டத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் அடங்கும். மழைச் சத்தத்துக்கு அப்படி எளிய மருந்து கிடையாது. பஃப் பேனலுக்கு மாறினால் ஓரளவு குறையும். கொட்டும் மழையில் அந்த அறையில் உட்கார்ந்து பேச முடியாதுதான், கேட்டுக்கொண்டிருக்கலாம்.

செடி கருகுகிறது, அல்லது பூக்கவில்லை

கண்ணாடியை ஒட்டி நிற்கும் இலையின் ஓரம் மட்டும் காகிதம்போல் வெளுத்துக் காய்ந்தால் அது சூடு. தொட்டியைக் கண்ணாடியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே நகர்த்துங்கள். மதிய வெயிலில் வாடியதைப் பார்த்து இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். மண்ணில் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாலையில் தானே நிமிரும்.

மல்லிகையைக் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. மதுரை மல்லிக்கு மறைப்பில்லாத முழு வெயில் வேண்டும். அதை வெளியே மொட்டை மாடியில் வைத்து, ஜன்னலைத் திறந்து மணத்தை உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே பெரணி, மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை போன்றவை நன்றாக இருக்கும்.

திரைக்குச் சுங்குடிச் சேலையைத் தைத்துத் தொங்கவிட்டால் ஒரே கோடையில் சாயம் வெளுத்துவிடும். நடுவில் படலம் வைத்து இரண்டு கண்ணாடியை ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். வெளுப்பது மெதுவாகும், நிற்காது.

கண்ணாடியில் விரிசல்

கல் படாமல், யாரும் தொடாமல், விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி உள்ளே வளைந்து ஓடும் விரிசல் வெயிலால் வந்தது. ஒரே கண்ணாடியில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால் சூடான பகுதி விரிய, குளிர்ந்த விளிம்பு விடாமல் பிடிக்க, விளிம்பில் சிறு பிசிர் இருந்தாலும் அங்கே பிளக்கும். சாதாரணக் கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி இன்னும் சூடாகி இந்த ஆபத்து கூடுகிறது. ஃபிலிம் ஒட்டுவதானால் அது சூடாக்கி உறுதியேற்றிய டஃபன்டு கண்ணாடியா என்று உறுதி செய்துகொண்டு ஒட்டுங்கள்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் விரிசல் என்றால் டேப் ஒட்டி வைத்து, ஒரு வாரத்துக்குள் மாற்றிவிடலாம். கூரைக் கண்ணாடி என்றால் அன்றே அறையைப் பூட்டுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் சாவியை வையுங்கள். தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி லாமினேட்டட் ரகமாக மட்டுமே இருக்க வேண்டும். உடைந்தாலும் நடுவில் உள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். வெறும் டஃபன்டு கண்ணாடி கற்கண்டு அளவு துண்டுகளாக மொத்தமாகக் கொட்டும். உங்கள் கூரையில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய கோடு ஓடினால் அது லாமினேட்டட். கோடு தெரியவில்லை என்றால் மாற்றும் வரை ஊஞ்சலைக் கண்ணாடிக்குக் கீழிருந்து நகர்த்திப் போடுங்கள்.